கூவமும் அடையாறும்: ஒப்பிடும்போது மனம் என்ன செய்கிறது?

ஒப்பீட்டுக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் இரண்டு பொருள்களைப் பற்றியும் தனித்தனியே எழுதி முடித்துவிடுவதாகவும், ஒப்பீடு மட்டும் அதில் வருவதில்லை என்றும் சென்னையில் படிக்கும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருக்குத் தரப்பட்ட தலைப்பு 'கூவமும் அடையாறும்'. முன்னுரை, பத்தி, முடிவுரை ஆகியவற்றைப் பள்ளியிலேயே படித்திருப்பார் என்பதால், ஒப்பிடும்போது மனத்தில் நடப்பதை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

வேற்றுமை மிகுந்த பொருள்களுக்குத்தான் வேற்றுமைகளை எளிதில் அடுக்கலாம் என்று தோன்றும். உளவியலாளர்கள் டெட்ரி ஜென்ட்னரும் ஆர்தர் மார்க்மனும் 1994இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நேர்மாறான முடிவே கிடைத்தது. பூனைக்குட்டியும் பத்திரிகையும் போன்ற சோடிகளைவிட, ஓட்டலும் (தங்கும் விடுதி) மோட்டலும் (காரில் பயணிப்போர் தங்கும் சாலையோர விடுதி) போன்ற நெருங்கிய சோடிகளுக்கே மக்களால் அதிக வேற்றுமைகளைச் சொல்ல முடிந்தது.

காரணம் மிக அழகானது. மனம் முதலில் இரண்டு பொருள்களின் உறுப்புகளையும், அவற்றுக்கிடையிலான உறவுகளையும் ஒன்றோடொன்று பொருத்துகிறது. ஒரே பணியைச் செய்யும் உறுப்புகள் இவ்வாறு எதிரெதிரே வந்து நின்ற பிறகே, அவை எப்படி மாறுபடுகின்றன என்பது கண்ணில் படுகிறது. பூனைக்குட்டிக்கும் பத்திரிகைக்கும் பொருத்த எதுவுமில்லாததால் மனம் அங்கே தடுமாறுகிறது. தனித்தனியே விவரிக்கும் கட்டுரை ஒப்பீடாக மாறாததற்கும், இந்தப் பொருத்தும் வேலை அதில் நடக்காததே காரணம்.

இரண்டு ஆறுகளையும் அவ்வாறு பொருத்திப் பார்ப்போம். இரண்டும் மேற்கிலிருந்து வந்து வங்கக் கடலில் கலக்கின்றன. இரண்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. இரண்டின் முகத்துவாரங்களையும் மணல் அடைக்கிறது. இந்த மூன்றாவது ஒற்றுமையில்தான் பயனுள்ள வேற்றுமை ஒளிந்திருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் சாய்வாக வந்து மோதுவதால் நம் கரையோர மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. நேப்பியர் பாலத்தைக் கடந்து கடலுக்குச் செல்லும் கூவம், மணல் குவியும் அந்தப் பகுதியிலேயே சேர்கிறது; அடையாறோ பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே, துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிச் சேர்கிறது. 'இரண்டிலும் மணல் அடைக்கிறது' என்ற வெறும் ஒற்றுமை, 'துறைமுகத்துக்கு அருகில் இருப்பது அடைப்பை எவ்வளவு மாற்றுகிறது?' என்ற ஆராயத்தக்க கேள்வியாக இப்போது வளர்ந்துவிட்டது.

இத்தகைய கேள்விக்கு விடை காண, இரண்டு முகத்துவாரங்களையும் ஒரே நாளில், ஒரே முறையில், பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்க வேண்டும். பரபரப்பான திட்டங்களுக்கு எளிதில் கிடைக்கும் நிதி, இப்படிப்பட்ட பொறுமையான அளவீடுகளுக்கும் உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பொருத்திப் பார்க்கும் மனத்துக்கு ஒரு குறையும் உண்டு: எதிரே இணை இல்லாத செய்தியை அது எளிதில் ஒதுக்கிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில்தான் வந்தது. கூவத்தில் அதற்கு இணையாக நிறுத்த ஏதும் தென்படவில்லை என்பதற்காக அதை விட்டுவிட்டால், அடையாற்றைப் பற்றிய முக்கியமான உண்மையே கட்டுரையில் இடம்பெறாமல் போகும். ஆகவே, பொருத்திய பட்டியலை எழுதி முடித்ததும், அதில் இடம் கிடைக்காதவற்றைத் தனியே குறித்துக்கொண்டு, அவற்றுக்கென ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.