பின் சீட்டுக்கும் பெல்ட் உண்டு: விதி சொல்வது என்ன, அபராதம் யாருக்கு?

காரில் ஏறியதும் முன்னால் இருக்கும் இரண்டு பேரும் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொள்வார்கள். பின்னால் இருப்பவர்கள் வசதியாகச் சாய்ந்துகொள்வார்கள். பின் சீட்டுக்கு விதியே கிடையாது, அல்லது ஏதோ அண்மையில்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆவது விதியின் 3-ஆம் உட்பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: பெல்ட் பொருத்தப்பட்ட வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஓட்டுநர், முன் சீட்டில் இருப்பவர், முன்பக்கம் பார்த்த பின் இருக்கைகளில் இருப்பவர்கள் எல்லாரும் பெல்ட் அணிந்திருக்க வேண்டும்.

‘முன்பக்கம் பார்த்த’ என்பதைக் கவனியுங்கள். பழைய ஜீப் வகை வண்டிகளில் பக்கவாட்டில் எதிரெதிராகப் போட்டிருக்கும் பெஞ்சுகள் இதில் வராது. விதியில் இல்லையே என்று அங்கே நிம்மதியாக உட்கார வேண்டாம். மோதினால் உடம்பைப் பிடித்து நிறுத்த அந்த இடத்தில் எதுவுமே இல்லை.

சரி, போடாவிட்டால் என்ன? மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெல்ட் போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். பெல்ட் போடாத பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டினாலும் அதே 1,000 ரூபாய். அதாவது, பின்னால் உட்கார்ந்திருக்கும் மாமா பெல்ட் போடவில்லை என்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாமா அல்ல, ஓட்டுபவர். உறவினரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்களுக்கு இது ஒரு நல்ல சாக்கு: “போடுங்க மாமா, இல்லைன்னா ஃபைன் எனக்குத்தான் வரும்.” இடத்திலேயே கட்டி முடிக்கும் சமரசத் தொகையை மாநில அரசுகள் தனியாக நிர்ணயிக்கலாம் என்பதால், ஊருக்கு ஊர் தொகையில் வித்தியாசம் பார்க்கலாம். நின்றுகொண்டு போகும் பயணிகளை ஏற்றும் வண்டிகளுக்கும், வேறு சில வகைப் போக்குவரத்து வண்டிகளுக்கும் மாநில அரசு அறிவிப்பு வெளியிட்டு விலக்கு தரலாம். அப்படி அறிவிப்பு இல்லாத வரை வாடகைக் காருக்கும் இதே விதிதான். இன்னொன்று, படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்: சட்டத்தை அமல்படுத்த வேண்டியவர்களே சட்டத்தை மீறினால் அவர்களுக்கு இரண்டு மடங்கு அபராதம் என்று 210பி பிரிவு சொல்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் அதே 194பி பிரிவு ஒரு படி மேலே போகிறது. 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோ பொருத்தாமல் வண்டி ஓட்டுகிறவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட வைக்கிறவரும் அனுமதிக்கிறவரும்கூட அபராதத்துக்கு உரியவர்கள். டிரைவர் வைத்துக் கார் ஓட்டும் பெற்றோர் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

மடியில்தான் வைத்திருக்கிறேனே என்பது நாம் அடிக்கடி கேட்கும் பதில். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, அரை மீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர்மேல் அவரவர் எடையைப் போல ஏறக்குறைய 20 மடங்கு விசை வரும். 10 கிலோ குழந்தையைப் பிடித்து வைக்க 200 கிலோவைத் தாங்கும் கை வேண்டும். யாருக்கும் அப்படிக் கை இல்லை. மடியில் வைத்திருப்பவரும் பெல்ட் போடவில்லை என்றால், அவருடைய உடம்பே முன்னே பாய்ந்து குழந்தையை நசுக்கும்.

பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். ஊருக்குள்ளே மெதுவாகத்தானே போகிறோம் என்கிற 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஆறு மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பெல்ட் போடாத பின் சீட்டுக்காரர் தான் அடிபடுவதோடு நிற்பதில்லை. முன் சீட்டின் முதுகில் போய் மோதி, பெல்ட் போட்டிருக்கும் ஓட்டுநரையும் நசுக்குகிறார். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோதுதான் நாடே பின் சீட்டைப் பற்றிப் பேசியது. அவரும் உடன் இறந்த இன்னொருவரும் பின்னால் பெல்ட் போடாமல் இருந்தவர்கள். முன்னால் இருந்த இருவரும் உயிர் பிழைத்தார்கள். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி அந்த ஒரே ஆண்டில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

புதுக் காரில் ஆறு ஏர்பேக் இருக்கிறதே என்பார்கள். ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணையாக வடிவமைக்கப்பட்டது, பதிலாக அல்ல. கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் பையை நோக்கிக் கட்டுப்பாடில்லாமல் பாய்ந்தால் அந்தப் பையே காயப்படுத்தும்.

பெல்ட் போடுவதிலும் முறை இருக்கிறது. கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை தோள்பட்டை எலும்பின் நடுவே இறங்கி மார்பைக் கடக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பெல்ட் வேண்டும். அவர்கள் கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டிப் போட்டு, மேல்பட்டை வயிற்றின் பக்கவாட்டில் போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். உறுத்துகிறது என்று மேல்பட்டையைக் கைக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ விடுவது, பெல்ட்டின் பாதியை வேண்டாம் என்பதற்குச் சமம். அப்புறம், போலீஸைப் பார்த்ததும் பெல்ட்டை இழுத்துக் கையில் பிடித்துக்கொள்ளும் வித்தை. அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

2019 ஜூலை முதல் வரும் கார்களில் முன் சீட்டுகளுக்குப் பெல்ட் நினைவூட்டும் ஒலி கட்டாயம். அந்தச் சத்தத்தை அடக்க, பக்கிளில் செருகி வைக்கும் போலி கிளிப்புகளை இணையத்தில் விற்றார்கள். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, 13,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பட்டியல்களை நீக்க வைத்தது. உங்கள் காரில் அப்படி ஒன்று இருந்தால் கழற்றி எறியுங்கள்.

பின் சீட்டில் பெல்ட்டே இல்லை என்று சொல்லும் பல கார்களில் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கவர் தைப்பவரிடம் பக்கிள் வெளியே வர இடம் விடச் சொன்னால் போதும். பழைய கார் வாங்கும்போது ஒவ்வொரு பெல்ட்டையும் முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தாலோ, வெடுக்கென்று இழுக்கும்போது பூட்டிக்கொள்ளாவிட்டாலோ மாற்றியாக வேண்டும். பெரிய மோதலில் சிக்கிய வண்டியின் பெல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் புதிதாக மாற்றுவதுதான் முறை, ஏனென்றால் மோதும் நொடியில் பட்டையை இறுக்கும் கருவி ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும்.