முகத்து எலும்பை வளரச் செய்வது எது?

கீழ்த்தாடை உள்வாங்கி, மேல்வரிசைப் பற்கள் துருத்தி நிற்கும் பிள்ளைக்குப் பற்களை மட்டும் நகர்த்தினால் போதுமா, தாடையின் வளர்ச்சியையே திருப்ப முடியுமா என்பது பல் சீரமைப்பு மருத்துவத்தின் பழைய கேள்வி. முகத்து எலும்பை வளரச் செய்வது எது என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல இயலாது.

மண்டையோட்டு எலும்புகள் சேரும் பொருத்துவாய்களில் உருவாகும் புது எலும்பே இருபுறத்தையும் விலக்கித் தள்ளுகிறது என்று 1940களில் உடற்கூற்றியலாளர் சிக்கர் கருதினார். ஆனால் விலங்குகளில் அந்தத் திசுவை எடுத்து உடலின் வேறிடத்தில் பதித்தபோது அது வளரவில்லை; கைகால் எலும்பு முனைகளின் குருத்தெலும்போ பெயர்த்து நட்ட இடத்திலும் வளர்ந்தது. பொருத்துவாய் தானாகத் தள்ளுவதில்லை, பிறிதொன்று விலக்கும்போது உண்டாகும் இடைவெளியை நிரப்புகிறது என்பது இதனால் புலப்பட்டது. மூக்கின் நடுச்சுவர்க் குருத்தெலும்பே மேல்தாடையை முன்னோக்கி உந்துகிறது என்றார் மற்றொரு உடற்கூற்றியலாளரான ஸ்காட்.

1960களில் உடற்கூற்றியலாளர் மெல்வின் மாஸ், எலும்பைச் சூழ்ந்த மென்திசுக்களும் அவை செய்யும் வேலையுமே அதன் வளர்ச்சியை ஆள்கின்றன என்றார். மூளையில் நீர் கோத்த குழந்தையின் மண்டையோடு பெருத்துவிடுகிறது. கண் உருவாகாத குழந்தையின் கண்குழி சிறுத்துப்போகிறது. இவற்றினும் வலுவான சான்றாக எனக்குத் தோன்றுவது கீழ்த்தாடையின் மூட்டுத்தலைதான்; காதருகே மண்டையோட்டுடன் மூட்டாகச் சேரும் முனை அது. தாடை வளர்ச்சியின் மையமாக நெடுங்காலம் கருதப்பட்ட அந்தப் பகுதி சிறுவயதில் முறிந்தாலும், பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாடை ஏறத்தாழ இயல்பாகவே வளர்வதையும், மூட்டுத்தலையே புதிதாக உருவாவதையும் ஸ்காண்டிநேவிய ஆய்வுகள் காட்டின. காயத்தின் தழும்பு மூட்டை இறுக்கி அசைவைத் தடுத்தால் மட்டும் வளர்ச்சி குன்றுகிறது.

எனினும் மரபணுவின் பங்கை மாஸ் குறைத்து மதிப்பிட்டார் என்றே எண்ணுகிறேன். கீழ்த்தாடையை முன்னிறுத்திப் பிடிக்கும் கருவிகள் தொடக்கத்தில் வளர்ச்சியை விரைவுபடுத்தினாலும், வளர்ச்சி முடிந்தபின் அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் இடையே தாடை நீளத்தில் பெரிய வேறுபாடு எஞ்சவில்லை என்பதைப் பெற்றோரிடம் மறைக்கலாகாது. மேல்தாடையின் நிலை வேறு. அண்ணத்தின் நடுப் பொருத்துவாயைத் திருகு வைத்து விரித்தால் அந்த இடைவெளியில் எலும்பு நிரம்புகிறது. 1860இலேயே அமெரிக்கப் பல் மருத்துவர் ஏஞ்சல் இதைச் செய்து காட்டினார். பருவ வளர்ச்சி முடிய முடிய அப்பொருத்துவாயின் விளிம்புகள் ஒன்றையொன்று கவ்விப் பின்னிக்கொள்கின்றன; அதன்பின் விரிப்பது கடினம். பெண்பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சி வேகம் ஏறத்தாழ 2 ஆண்டு முன்னதாகவே வந்துவிடுவதால், அவர்களை அழைத்துவரச் சற்றும் தாமதிக்கக் கூடாது.