ஹெல்மெட்டுக்குள் செருகிய போன்

மட்டக்களப்பு–கல்முனை வீதியில் ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் பின்னேரங்களில் பார்த்திருப்பீர்கள். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் இடையில் போனைச் செருகிக்கொண்டு, கதைத்தபடியே மோட்டார் சைக்கிளில் போவார்கள். இரண்டு கையும் ஹாண்டிலில்தான், கண்ணும் ரோட்டில்தான், பிறகென்ன என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு மூளையில்தான் பிழைக்கிறது.

கண் ஒரு பொருளின் மேல் படுவது வேறு, அது மனதில் பதிவது வேறு. கண்ணுக்கு வந்து சேரும் காட்சியில் கொஞ்சத்துக்குத்தான் மூளையால் கவனம் கொடுக்க முடியும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் இதைச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். சிமுலேட்டரில், அதாவது ரோட்டைத் திரையில் காட்டும் பயிற்சிக் கருவியில், கார் ஓட்டவிட்டு, வழியோரம் விளம்பரப் பலகைகளைக் காட்டி, ஓட்டுபவரின் பார்வை எங்கே நிற்கிறது என்று கருவியால் கவனித்தார்கள். போனைக் கையில் பிடிக்காமல் கதைத்தவர்களும் பலகைகளை நேராகத்தான் பார்த்தார்கள். அப்புறம் கேட்டபோது, பார்த்த பலகைகளிலேயே பலவற்றை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

பலகையை விட்டால் நட்டமில்லை. இருட்டினபிறகு நடுரோட்டில் படுத்துக்கிடக்கும் கறுத்த மாடு அப்படியல்ல. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு செக்கனில் 14 மீற்றர் ஓடிவிடும். பிரேக்கில் கால் வைக்க அரைச் செக்கன் பிந்தினாலே 7 மீற்றர் போய்விட்டது.

சரி, பின்னால் இருப்பவரோடு கதைத்தால் மட்டும் கவனம் சிதறாதா? சிதறும்தான். ஆனால் அவருக்கும் ரோட்டுத் தெரிகிறது. சந்தி வந்தால் பேச்சைத் தானாகவே நிறுத்துவார், "மாடு, மாடு!" என்று தோளில் தட்டுவார். கட்டாரிலிருந்து கோல் எடுத்த மச்சானுக்கு மாடு எங்கே தெரியப்போகிறது? அவர் வீட்டு வேலைக்குச் சீமெந்து எத்தனை பக்கெட் வந்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்குப் பதில் சொல்ல நம் மூளை சீமெந்தைக் கற்பனையில் அடுக்கி எண்ணத் தொடங்கிவிடும்.

கனடாவின் டொரன்டோவில் விபத்துக்குள்ளான சாரதிகளின் போன் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் ஒரு கட்டுரை வந்தது. போன் பாவிக்கும் நேரத்தில் விபத்து ஆபத்து சுமார் 4 மடங்கு என்றது அது. கையில் பிடிக்காத போன்களும் கூடுதல் பாதுகாப்பாகத் தெரியவில்லை.

போன் வேலை முடிந்தவுடன் கவனம் முழுதாகத் திரும்பிவிடும் என்றும் இல்லை. கார்களிலும் போன்களிலும் குரலால் இயக்கும் வசதிகளை 2015இல் ஸ்ட்ரேயர் குழுவினர் சோதித்தபோது, பாவித்து முடித்த பிறகும் சிலவற்றில் 27 செக்கன் வரை சிதறல் நீடித்தது. 50 கிலோமீற்றர் வேகத்தில் அது 375 மீற்றர் தூரம்.