கடைசிச் சுற்றை முடிவுசெய்த ரப்பர்

2021 டிசம்பர் 12, அபுதாபி. அந்த ஆண்டின் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம். லூயிஸ் ஹாமில்டன், மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் இருவருக்கும் 369.5 புள்ளிகள். பட்டத்துக்குப் போட்டியிடும் இருவர் சமப் புள்ளிகளோடு இறுதிப் பந்தயத்துக்கு வந்தது 1974-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. 58 சுற்றுகளில் 53-வது சுற்றில்கூட ஹாமில்டன்தான் முன்னால். ஆனால் பட்டம் வெர்ஸ்டாப்பனுக்குப் போனது. கடைசி ஒரு சுற்றுக்காகப் பந்தயத்தை மறுபடி தொடங்கவைத்த பந்தய இயக்குநரின் முடிவு சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் டயரைப் பற்றிப் பேச வருகிறேன். வடசென்னைக்காரர்களுக்கு அந்த உரிமை உண்டு. எம்.ஆர்.எஃப். 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது திருவொற்றியூரில்தான். செங்குன்றம் தாண்டி, சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்த பெரியவர்களும் இங்கே உண்டு.

எண்ணூர் நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையில், "பட்டன் போயிடுச்சுண்ணே, மொட்டையாயிடுச்சு, மாத்திடுங்க" என்பார்கள். காய்ந்த தரையில் ஓடும் பந்தயக் காருக்கோ புதுசிலேயே மொட்டை டயர்தான். பட்டனுக்கு நடுவே உள்ள பள்ளம் மழைத் தண்ணீரை வெளியேற்றத்தான். தண்ணீர் இல்லாதபோது அந்தப் பள்ளம் வீண். அங்கேயும் ரப்பர் இருந்தால் பிடிப்பு கூடும். லாரி டயரின் ரப்பர் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கச் செய்தது, கெட்டியானது. நூறு பவுண்டுக்கு மேல் காற்று அடிப்பார்கள். பந்தய டயரில் சுமார் இருபதுதான்.

உராய்வு பரப்பளவைச் சார்ந்ததல்ல என்று பள்ளியில் படித்திருப்போம். ரப்பர் அந்த விதிக்கு அடங்காது. தார்ச்சாலையைக் கிட்டத்தில் பார்த்தால் மேடும் குழியுமாக இருக்கும். ரப்பர் அந்தக் குழிகளில் அமுங்கி நிரம்புகிறது. தரையோடு மூலக்கூறு அளவில் ஒட்டுகிறது. அமுங்கியது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் தாமதிக்கிறது. அப்போது வீணாகும் ஆற்றல்தான் காரை வழுக்கவிடாமல் தடுக்கிறது, டயரையும் சூடாக்குகிறது.

ஏன் இப்படி? ரப்பர் மூலக்கூறுகள் இடியாப்பம்போல நீண்டு பின்னிக் கிடப்பவை. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ஆங்காங்கே முடிச்சு விழும். பஞ்சர் கடையில் ட்யூபின் மேல் பச்சை ரப்பர்த் துண்டை வைத்து, இரும்பால் இறுக்கிச் சூடுபடுத்துகிறார்களே, அங்கே நடப்பதும் இதுதான். குளிர்ந்தால் இழைகள் விறைத்துவிடும், குழிக்குள் இறங்காது. பந்தய டயர் நன்றாகப் பிடிக்க ஏறத்தாழ 100 டிகிரி வேண்டும். ரொம்பவும் சூடேறினால் மேல்தோல் கிழிந்து உருண்டு போகும். குளிர்ந்த டயர் பிடிக்காது என்பதால்தான் மின்போர்வை போட்டுச் சூடேற்றி டயரை மாட்டுகிறார்கள்.

இனி அபுதாபிக்கு வருவோம். ஹாமில்டன் 14-வது சுற்றில் மாட்டிய கெட்டி டயரிலேயே ஓடிக்கொண்டிருந்தார். 53-வது சுற்றில் நிக்கோலஸ் லத்தீஃபி என்ற இன்னொரு ஓட்டுநர் சுவரில் மோத, எல்லோரையும் மெதுவாகப் பின்னே வரவைக்கும் பாதுகாப்புக் கார் வெளியே வந்தது. வெர்ஸ்டாப்பன் டயர் மாற்றும் இடத்துக்குள் போய்ப் புது மென் டயர் மாட்டினார். ஹாமில்டன் போயிருந்தால் முதலிடம் பறிபோயிருக்கலாம். அவர் அணியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாதுகாப்புக் காரின் பின்னே மெதுவாகப் போகப் போக டயர் ஆறிவிடும். தேய்ந்த டயரில் ரப்பர் மெலிசு, சூட்டைத் தேக்கிவைக்காது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உழைத்த ரப்பர் இறுகியும் போயிருக்கும். கெட்டி ரகம் மறுபடி சூடேறவும் நேரமெடுக்கும்.

பாதுகாப்புக் கார் விலகியபோது மீதி ஒரே ஒரு சுற்று. ஐந்தாவது வளைவில் வெர்ஸ்டாப்பன் உட்பக்கம் பாய்ந்தார். தாமதமாகப் பிரேக் பிடித்தும் மென் டயர் அவரை வளைவுக்குள் நிறுத்தியது. நேர்ச்சாலையில் ஹாமில்டன் இரண்டு முறை பக்கத்தில் வந்தார். வளைவுகளில் பழைய டயரால் ஈடுகொடுக்க முடியவில்லை. முடிவில் இருவருக்கும் இடைவெளி 2.256 நொடி, புள்ளிகள் 395.5-க்கு 387.5.