மாத்திரை குறைக்கும் நாட்களில் காபியும் கல்யாணமும்

மார்ச் மாதத்தில் வங்கி ஊழியர்களுக்கு மனநல மாத்திரையைக் குறைப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். மனநல மருத்துவப் புத்தகம் எதிலும் இது கிடையாது. ஒருவர் விஷயத்தில் நான் தவறு செய்த பிறகு வைத்துக்கொண்டது.

மனச்சோர்வுக்காக ஒன்றரை வருஷம் எஸ்சிடலோபிராம் 10 மி.கி. எடுத்தவர் அவர். நன்றாகத் தேறியிருந்தார், 5 மி.கி.க்கு இறக்கினேன். இரண்டே வாரத்தில் திரும்பி வந்தார். தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்கிறது, தூக்கம் இல்லை, வீட்டில் யார் ஒரு வார்த்தை சொன்னாலும் அழுகை வருகிறது என்றார். நோய் திரும்புகிறது என்று நானே முடிவுகட்டி, பழையபடி 10க்கு ஏற்றிவிட்டேன். அவர் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது.

ஜூலையில் வேறு ஏதோ பேச்சில்தான் சொன்னார். அந்த மார்ச்சில் வருடக் கணக்கு முடிக்க இரவு பத்து மணி வரை பிராஞ்சிலேயே இருந்திருக்கிறார். நாளுக்கு ஏழு டம்ளர் காபி. கூடவே ஜலதோஷம் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, காலையும் இரவும். இதில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. சரி, இன்னொரு தடவை பார்ப்போம் என்று அதே 5 மி.கி.க்கு இறக்கினோம். ஒரு வாரம் லேசான தலைசுற்றல் இருந்தது, அதோடு சரி. காபியும் கண்விழிப்பும்தான் காரணம் என்று கோர்ட்டில் நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் அன்றிலிருந்து மாத்திரையைக் குறைக்கும் முன் அடுத்த மூன்று மாதம் அவர்கள் வீட்டிலும் வேலையிலும் என்னென்ன இருக்கிறது என்று கேட்காமல் பேனாவைத் திறப்பதில்லை. (இங்கே வருகிற எல்லோரின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.)

மனநல மாத்திரையை மாதக்கணக்கில் எடுக்கும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மாத்திரை குறைந்ததும் அது மறுபடி சரிக்கட்டிக்கொள்ள வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். அந்த இடைவெளியில் வழக்கமாகத் தாங்கிக்கொள்ளும் சின்னச் சின்ன விஷயங்களைக்கூட உடம்பு தாங்காது.

"அரை மாத்திரைதானே டாக்டர்" என்று பலரும் சொல்வார்கள். அந்தக் கடைசி அரை மாத்திரைதான் பெரிய படி. 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எஸ்சிடலோபிராமுக்கு நெருங்கிய உறவான சிடலோபிராம் 20 மி.கி. எடுத்தால் மூளையில் அது வேலை செய்யும் இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. 5 மி.கி.க்கு இறங்கினாலும் கிட்டத்தட்ட 60 சதவீதம் பிடித்திருக்கும். அங்கிருந்து ஒரே நாளில் பூஜ்யத்துக்கு வந்தால், அத்தனை நாள் இறங்கியதைப் போல மூன்று மடங்கை ஒரே தாவாகத் தாவுகிறோம். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் படிகள் இன்னும் சிறியதாக இருக்க வேண்டும்.

மாத்திரை குறைந்ததால் உடம்பு படும் விலகல் அறிகுறியா, நோயே திரும்புகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விலகல் பெரும்பாலும் அளவைக் குறைத்த சில நாட்களிலேயே வந்துவிடும். ஃப்ளுஆக்சிடின் மாதிரி உடம்பில் வாரக்கணக்கில் தங்கும் மருந்தில் மட்டும் தாமதமாகும். நோயில் முன்பு இல்லாத தலைசுற்றல், சுரீர், குமட்டல், விசித்திரமான கனவுகள் சேர்ந்து வரும். பழைய அளவுக்குப் போனால் ஓரிரு நாளில் அடங்கும். நோய் திரும்புவது அப்படி இல்லை, மெதுவாக, வாரங்கள் மாதங்கள் எடுத்துக்கொண்டு வரும். அந்த வங்கி ஊழியர் "தலைக்குள் சுரீர்" என்று சொன்னபோதே நான் நிதானித்திருக்க வேண்டும்.

சரி, காபிக்கு வருகிறேன். காபியை விடச் சொன்னால் நம் ஊரில் டாக்டரைத்தான் மாற்றுவார்கள். நான் விடச் சொல்வதுமில்லை. தினமும் ஐந்தாறு டம்ளர் குடிப்பவர் சடாரென்று நிறுத்தினால் ஒரே நாளில் தலைவலி, எரிச்சல், சோர்வு எல்லாம் வரும், ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். பிறகு எது மாத்திரையால், எது காபியால் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் மாத்திரையைத் தொடும் ஒரு மாதம் முன்பே காபியைப் படிப்படியாக இரண்டு டம்ளருக்குக் கொண்டுவாருங்கள், அதுவும் மதியம் இரண்டு மணிக்குள். சிக்கரி கூடுதலாக உள்ள தூள் வாங்கினாலும் கொஞ்சம் உதவும், சிக்கரியில் காஃபீன் கிடையாது. எனர்ஜி டிரிங்க், ஜிம் பையன்கள் தண்ணீரில் கலந்து குடிக்கும் ப்ரீ-வொர்க்அவுட் பவுடர் இரண்டும் இந்த நாட்களில் வேண்டவே வேண்டாம். அந்தப் பவுடரில் ஒரு ஸ்கூப்பிலேயே மூன்று நான்கு காபி அளவு காஃபீன் இருக்கலாம். "மாத்திரையை விடப்போறேன், உடம்பை ஏத்தப்போறேன்" என்று இரண்டையும் ஒரே திங்கட்கிழமை ஆரம்பித்தவர்கள் உண்டு. ஆர்வம் புரிகிறது. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் போதும்.

காபியால் வருவது அவஸ்தை. மதுவில் உயிருக்கே ஆபத்து. முக்கியமாகத் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் குளோனசிபாம், அல்பிரசோலம் எடுப்பவர்களுக்கு. இந்த மாத்திரைகளும் சாராயமும் மூளையில் ஏறக்குறைய ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. அதனால் மாத்திரையைக் குறைத்தவருக்கு ஒரு குவார்ட்டர் அடித்ததும் "அப்பாடா" என்று இருக்கும். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் மறுநாள் போதை இறங்கும்போது மாத்திரைக் குறைவும் மதுக் குறைவும் சேர்ந்து தாக்கும். ஓய்வுபெற்ற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்புமாக இதய மருத்துவரிடம் ஓடிக்கொண்டிருந்தார். எல்லா இ.சி.ஜி.யும் நார்மல். அவர் குடிப்பது சனிக்கிழமை மட்டும்தான், அதனால் யாரிடமும் சொல்லவேண்டிய விஷயமாகவே அதை நினைக்கவில்லை. இந்த வகை மாத்திரையை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். வலிப்பு, குழப்பமான பேச்சு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று ஏதாவது இருந்தால் என் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். செத்துப்போகலாம் என்று எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

நான் அதிகம் பயப்படுவது மெடிக்கல் ஷாப் கவுன்டருக்கு. மூக்கடைப்புக்குத் தரும் மாத்திரையில் ஃபீனைல்எஃப்ரின் இருக்கும், அது படபடப்பைக் கூட்டலாம். சிலவற்றில் காஃபீனும் சேர்த்திருப்பார்கள். வறட்டு இருமல் சிரப்பில் உள்ள டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் மனச்சோர்வு மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. மூட்டுவலிக்கு என்று தரும் டிரமடால், வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுவதோடு, அதை நிறுத்தும்போது அதற்கென்று தனியாக ஒரு விலகல் அவஸ்தையும் தரும். பேதிக்கும் நீர்க்கடுப்புக்கும் எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக், குளோனசிபாம் குறைத்துக்கொண்டிருப்பவரின் பதற்றத்தைத் தூக்கிவிடலாம். வேறு வழியில்லாமல் கொடுக்கவேண்டி வரும் சமயமும் உண்டு, ஆனால் எழுதும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீசிங்குக்கும் அலர்ஜிக்கும் தரும் ஸ்டீராய்டு மாத்திரை நல்ல தூக்கம் உள்ளவரையே விழிக்க வைக்கும். "நான் மனநல மாத்திரை எடுக்கிறேன்" என்று கவுன்டரில் நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கிறதா? மருந்துச் சீட்டைப் பேசாமல் நீட்டுங்கள், போதும். தூக்கத்துக்கு அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் எடுப்பவர்களும் சொல்லிவிடுங்கள். மூலிகை என்பதாலேயே அது மூளையைத் தொடாது என்று அர்த்தமில்லை.

அடுத்தது கல்யாணம். நிச்சயதார்த்தம் முடிந்ததும் பெண் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று மாத்திரையை ஒளித்து, பிறகு நிறுத்தியே விடுகிறவர்கள் ஏராளம். தாம்பத்தியத்துக்கு இடைஞ்சலாகுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. சில மாத்திரைகள் ஆசையைக் குறைப்பது நிஜம். ஆனால் அதற்கு மருந்தை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம். பாராக்சிடின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளை முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன் தானாக நிறுத்தினார். உடம்பை விட்டு வேகமாக வெளியேறும் மருந்து அது, விலகல் படுத்துவதில் முதல் வரிசை. முந்தைய இரவு நண்பர்களோடு பார்ட்டி, மூன்று மணிக்கு மேக்கப், வெறும் வயிற்றில் காபி, முகத்துக்கு நேராக வீடியோ லைட். ஹோமப் புகையில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். சுற்றட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முந்தின மாதம் எனக்கு ஒரு போன் போட்டிருந்தால், தாலி கட்டி மூன்று மாதம் கழித்து மெதுவாக ஆரம்பித்திருப்போம்.

கல்யாணம், வீடு மாறுவது, பரீட்சை, நைட் ஷிஃப்டுக்கு மாறும் வாரம், பிரசவம், வீட்டில் ஒரு சாவு. இவை நடக்கும் மாதங்களில் மாத்திரைக் குறைப்பை நான் தள்ளிப்போடுகிறேன். பாதி வழியில் இருக்கும்போது நடந்துவிட்டால் இருக்கும் படியிலேயே நிற்கச் சொல்கிறேன். ஒரு மாதம் நின்றால் ஒன்றும் குடிமுழுகாது. வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அவர் கோபப்படும்போதெல்லாம் "மாத்திரை போட்டியா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே போதும், அன்றைய தூக்கம் போய்விடும்.

கார்த்திகை பிறந்தால் எனக்கு வேறொரு கவலை. மனச்சிதைவுக்காக க்ளோசபின் எடுக்கும் ஒரு கொத்தனார், நாளுக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பவர், சபரிமலைக்கு மாலை போட்ட அன்றே பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டார். பத்து நாளில் எந்நேரமும் தூங்கி வழிகிறார், தலையணை எச்சிலில் நனைகிறது, எழுந்தால் தள்ளாடுகிறார். மாத்திரை ரொம்ப பவர் என்று வீட்டிலேயே பாதியாக்கிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். எரியும் புகையிலையின் புகை, க்ளோசபினைக் கரைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடும். மனச்சிதைவுக்குத் தரும் இன்னொரு மாத்திரையான ஓலன்சபினுக்கும் ஓரளவு இதே கதை. பீடி நின்றதும் அந்த நொதி ஒரு வாரத்தில் மந்தமாகி, அதே மாத்திரை ரத்தத்தில் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஏறிவிடலாம். காரணம் நிக்கோடின் அல்ல, புகைதான். அதனால் புகையிலையை மெல்பவருக்கு இது நடக்காது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றே இவர் மறுபடி பீடியைப் பற்றவைத்தார். இப்போது கையில் பாதி மாத்திரை, அதையும் புகை வேகமாகக் கரைக்கிறது. மூன்று வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்று கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். விரதத்தில் ஏதோ குறை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மறு வருஷம் ஐப்பசியிலேயே அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்தார்.

"டாக்டர், இந்த வருஷமும் மாலை போடணும்ங்கிறார். மாத்திரைய என்ன பண்றது?"

மாலை போட்ட முதல் வாரத்தில் கால் பங்கு குறைத்தோம், ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டோம். பயணத்தில் ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, இரண்டு நாள் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே போடாமல் எனக்குப் போன் செய்யுங்கள், மிகச் சிறிய அளவிலிருந்துதான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று குருசாமியிடமும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். "சாமி, மாலை கழட்டின பிறகு பீடி?" என்று கேட்டேன். "இனிமே தொடவே மாட்டேன் டாக்டர்" என்றார், கையெடுத்துக் கும்பிட்டு.

தை மாதம் வந்தார். நன்றாகத்தான் இருந்தார். சட்டைப் பையில் பீடிக்கட்டு எட்டிப் பார்த்தது. ஒன்றும் சொல்லாமல் மாத்திரையைப் பழைய அளவுக்கு ஏற்றி எழுதினேன்.