செவப்பு அடங்கிட்டா ஆறிடுச்சுன்னு யாருங்க சொன்னது?

வாளையாறு பக்கம் தீக்காய வார்டுல வேலை பாக்குறவன் நான். இப்ப மறுபடியும் ஒரு தம்பி, முன்கையில வட்டமா வெள்ளைத் தழும்பு மாதிரி காயம், கேட்டா "பைக் சைலன்சர் டாக்டர்"ங்குறான். சைலன்சர் கெண்டைக்கால்ல சுடும்ப்பா, முன்கையில எப்படி சுடும்? அம்மாவை வெளிய அனுப்புனதும் உண்மை வருது. கஞ்சா ஆயில், வாக்ஸ் (கஞ்சாவுல இருந்து பிரிச்செடுக்குற மெழுகு மாதிரி சாறு), அதை வைக்குற குவார்ட்ஸ் கிண்ணம், தீ கக்குற ஒரு கேஸ் டார்ச். கிண்ணத்தை டார்ச்ல சூடேத்தி, அதுல ஆயிலை வச்சு வர்ற புகையை இழுக்குறாங்க.

இந்தப் பசங்களுக்குள்ள பெரிய விவாதமே நடக்குது, குவார்ட்ஸா டைட்டானியமா செராமிக்கா, எது சூட்டை நல்லா பிடிச்சு வைக்கும்னு. சூட்டை பிடிச்சு வைக்குறதுதான் உங்க தோலையும் வேக வைக்குது, அதை யாரும் யோசிக்குறதில்ல.

டார்ச்ல செவக்க வச்சுட்டு, செவப்பு போனதும் "ஆறிடுச்சு"ன்னு கணக்கு பண்றாங்க. அட ராசா, எந்தப் பொருளும் சுமார் 525 டிகிரி செல்சியஸுக்கு மேல போனாத்தான் கண்ணுக்கு செவப்பாத் தெரியும், அதுவும் இருட்டுல. லைட் போட்ட ரூம்ல 550லகூட ஒண்ணும் தெரியாது. அப்போ செவப்பு போச்சுன்னா 500லயும் இருக்கலாம் 300லயும் இருக்கலாம், பாக்க சும்மா கண்ணாடி மாதிரி உக்காந்திருக்கும். தோலுக்கு 70 டிகிரியே போதும், ஒரு செகண்டுல வெந்துடும். கஞ்சிக்கோடு ரோலிங் மில்லுல வேலை பாக்குற எந்த அண்ணனை வேணா கேளுங்க, செவந்த கம்பியை விட கருத்த கம்பிக்குத்தான் அதிகமா பயப்படுவாரு.

கிண்ணம் எதுல செஞ்சதுங்குற விவாதத்துக்கு வர்றேன். ஒரு கிராமை ஒரு டிகிரி ஏத்த டைட்டானியத்துக்கு சுமார் 0.52 ஜூல், குவார்ட்ஸுக்கு 0.7, அலுமினா செராமிக்குக்கு 0.9 பக்கம்; இது கூடக்கூட அதே எடையில சூட்டை அதிகமா சேத்து வைக்கும். ஆனா எடையும் சேரும், அதனால தடிமனா வாங்க வாங்க ஆற நேரமாகும். டைட்டானியம் குவார்ட்ஸை விட பத்து மடங்குக்கு மேல வேகமா சூட்டைக் கடத்தும், கிண்ணத்துல வச்ச சூடு கைப்பிடிக்கு வந்துடும். செராமிக் ஒரு பக்கமா சூடேறினா விரிசல் விட்டு மடியில விழும்.

"குவார்ட்ஸ் சுத்தம், அதனால புகையும் சுத்தம்"ங்குறது அடுத்த கதை. ஆயில்ல இருக்குற டெர்பீன்ங்குற வாசனைப் பொருள் அதிக சூட்டுல உடைஞ்சு பென்சீன் வருதுன்னு அமெரிக்காவுல போர்ட்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காரங்க 2017லயே காட்டிட்டாங்க, பென்சீன் ரத்தப் புத்துநோய் வர வைக்குறது. கிண்ணத்தை மாத்துனா நுரையீரல் தப்பிச்சுடாது. செக்போஸ்ட்டுல பிடிச்சாலும் இந்த ஆயிலை சாதாரண கஞ்சா கணக்குல எடுக்க மாட்டாங்க, தண்டனை குறைவா இருக்குற "சிறு அளவு"ன்னு சட்டம் சொல்றது கஞ்சாவுக்கு 1 கிலோன்னா இதுக்கு 100 கிராம்தான்.

தொடவே வேண்டாம், அதான் என் வேண்டுகோள். சுட்டுடுச்சுன்னா உடனே குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட், இங்க், தோசைமாவு, ஐஸ் எதுவும் போடாதீங்க, அதைச் சுரண்டி எடுக்குறதுக்கே எங்களுக்கு அரை மணி நேரம் ஆகுது. மோதிரம், காப்பு இருந்தா வீங்குறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. காயம் வெள்ளையா இருந்து வலியே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க கண்ணு, நரம்பு வரைக்கும் வெந்திருக்குன்னு அர்த்தம், அன்னைக்கே வாங்க.