“எட்டு ஜிபி ராம் ஒண்ணு கொடுங்க” என்று கேட்டால் போதாது

போன மாதம் அக்கா வீட்டில் இருந்தேன். கணினியில் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, அடுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் அக்கா. பக்கம் இன்னும் வரவில்லை. கேபினெட்டின் முகப்பில் ஹார்ட் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. “புதுசுதான் வாங்கணும் போலடா” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோளாறு எங்கே என்று அந்த விளக்கே காட்டிக்கொண்டிருந்தது.

சமையல் மேடையில் இடம் இருந்தால் எல்லா டப்பாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மேடை நிரம்பிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பரண் ஏறி இறங்க வேண்டும். கணினி அப்போதைய வேலைக்கான தகவல்களைக் கையில் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகமான ராம்தான் மேடை, எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் பரண். ராம் நிரம்பியதும் விண்டோஸ் அதிலுள்ள சில தகவல்களை டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ செகண்ட் போதும். ஹார்ட் டிஸ்க்கில் அதற்குச் சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். லட்சம் மடங்கு வித்தியாசம்!

அதனால் கடைக்குப் போகும் முன், வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். அக்காவின் 8 ஜிபியில் 93 சதவீதம் நிரம்பியிருந்தது. ஓடும் நிரல்களுக்கு மொத்தமாக ஒதுக்கிய நினைவக அளவைச் சொல்லும் ‘கமிட்டட்’ என்ற இடத்தில் 11 ஜிபிக்கு மேல் காட்டியது. அப்படியானால் 16 ஜிபி அவருக்குத் தாராளம். உங்கள் கணினியில் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால் ராமில் பணம் போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போடுவதுதான் பலன் தரும்.

முந்தைய வாரமே அக்கா ஒரு கடையில் “எட்டு ஜிபி ராம்” என்று மட்டும் கேட்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அது கணினியின் மதர்போர்டில் உட்காரவில்லை. நல்லவேளை, அழுத்திப் பார்க்காமல் விட்டுவிட்டார். எடுத்துப் பார்த்தேன், டிடிஆர்3 என்ற பழைய தலைமுறை ராம். போர்டு கேட்டது அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்4.

ராமின் அடி விளிம்பில், தங்க நிறக் கால்களுக்கு நடுவே ஒரு சிறு வெட்டு இருக்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்த வெட்டின் இடம் மாறும். டிடிஆர்3 பொதுவாக 1.5 வோல்ட்டில் ஓடும், டிடிஆர்4 1.2 வோல்ட்டில், டிடிஆர்5 1.1 வோல்ட்டில். ஒன்றின் இடத்தில் இன்னொன்று ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வெட்டு. டெஸ்க்டாப்பில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 கால்கள்தான். ஆனாலும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. லேப்டாப் ராம் அளவிலேயே குட்டையானது. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அவற்றில் பிறகு கூட்ட வழியில்லை, வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர் அடுத்துக் கேட்பது வேகம். “2400-ஆ, 3200-ஆ?” பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டு கண்டுபிடித்து 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் ராமின் உள்ளே இருக்கிறது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி மின்தேக்கி. 8 ஜிபியில் இப்படிச் சுமார் 6,900 கோடி மின்தேக்கிகள்! ஒவ்வொன்றும் ஓட்டைக் குடம் மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கும். வழக்கமாக 64 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் படித்து மறுபடி நிரப்பியாக வேண்டும். அந்தத் துளி மின்னூட்டத்தை உணர்ந்து படிக்கும் நேரம் தலைமுறை மாறியும் பெரிதாகக் குறையவில்லை. சிஎல் என்பது அந்தக் காத்திருப்பைக் கடிகாரத் துடிப்புகளில் சொல்லும் எண். சிஎல்11 கொண்ட டிடிஆர்3-1600க்கும், சிஎல்22 கொண்ட டிடிஆர்4-3200க்கும் அந்தக் காத்திருப்பு ஒன்றுதான், 13.75 நானோ செகண்ட். கூடியது, ஒரு செகண்டில் மொத்தமாக அள்ளித் தரும் அளவு.

அந்த அளவை வேறு வழியிலும் கூட்டலாம். 2400 ராம் ஒன்று செகண்டுக்கு 19.2 ஜிபி தரும். அதே மாதிரி இரண்டைத் தனித்தனிப் பாதைகளில் போட்டால் 38.4. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினியில் திரைக்கான வேலையும் இதே ராமில்தான் நடக்கிறது, அதனால் அங்கே பலன் கண்ணுக்கே தெரியும். அக்காவுடைய கணினியின் பிராசசர் ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ3, அதன் வரம்பே 2400. அதில் 3200 போட்டாலும் 2400இல்தான் ஓடும். வேறு வேறு வேகத்தில் இரண்டு போட்டால் மெதுவானதன் வேகத்துக்கே இரண்டும் இறங்கும். பழைய ராமைக் கழற்றி, அதன் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் டிடிஆர்3ஐத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதே அளவு, அதே வேகத்தில் ஒரு டிடிஆர்4 கொடுத்தார்.

பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக் கையிலிருந்த நிலைமின்னை இறக்கிவிட்டுச் செருகினேன். இரு ஓரத்தையும் கட்டைவிரலால் ஒரே சீராக அழுத்தியதும் கொக்கி ‘டக்’கென்று பூட்டியது. ஆன் செய்தால் பீப், பீப், திரை கறுப்பு. அக்கா பதறிவிட்டார். பழைய ராமின் கால்களில் அழுக்கு. பையனின் பென்சில் ரப்பரை வாங்கி மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினேன். டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி, ஸ்லாட் இரண்டில் இரண்டு. அக்கா அதே பக்கத்தைத் திறந்தார். சிவப்பு விளக்கு இரண்டு முறை மின்னிவிட்டு அணைந்தது.